ஓபிஎஸ் ஸ்டூடியோ: தகரக் கூரையின் கீழ் விளையாட்டு வர்ணனை பதிவுசெய்வோருக்கு ஒரு மதிப்பீடு

வீடியோ கேம் விளையாடிக்கொண்டே தமிழில் வர்ணனை சொல்லி, அதைக் காணொளியாக்கி யூடியூப்பில் ஏற்ற விரும்பும் இலங்கை மலையகத்து இளைஞர் ஒருவர், அதற்கு முதலில் எதை வாங்க வேண்டும் என்று விசாரித்தால், கணினிக் கடைக்காரர் கிராபிக்ஸ் அட்டையைக் காட்டுவார். ஏற்கெனவே பதிவுசெய்துவரும் நண்பர் புதிய ஹெட்செட்டைச் சொல்வார். இரண்டும் வேண்டியவைதான் என்றாலும், ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கத்தில் இருந்து பதிவுசெய்யும் ஒருவரின் காணொளியைப் பெரும்பாலும் கெடுப்பது அதன் ஒலி என்பதே என் எண்ணம். கூரைத் தகரத்தில் கொட்டும் மழை, ஒற்றைச் சுவருக்கு அப்பால் அடுத்த காம்பராவில் (லயத்து வீட்டில்) ஓடும் தொலைக்காட்சி நாடகம், மாரியம்மன் திருவிழாக் காலத்தில் விடிய விடியப் பாடும் ஒலிபெருக்கி ஆகிய அனைத்தும் வர்ணனையோடு சேர்ந்து ஒலிவாங்கிக்குள் நுழைந்துவிடுகின்றன. ஆகவே, ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற பதிவு மென்பொருளைப் பொதுவாக எடைபோடாமல், இத்தகைய வீட்டில் இருந்து வர்ணனையோடு விளையாட்டைப் பதிவுசெய்பவருக்கு அது எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது என்பதை மட்டும் இங்கே பார்க்கிறேன். நேரலை ஒளிபரப்பும் அதில் செய்யலாம். ஆனால் மலைச்சரிவில் சமிக்ஞை வருவதும் போவதுமாக இருக்கும் இடத்தில் நேரலையை நம்பி உட்காருவதைவிட, பதிவுசெய்து வைத்துக்கொண்டு பிறகு ஏற்றுவதே புத்தி என்பதால் அந்தப் பகுதியை விட்டுவிடுகிறேன்.

ஓபிஎஸ் முற்றிலும் இலவசம். ஹியூ பெய்லி என்பவர் தொடங்கி 2012ஆம் ஆண்டில் முதலில் வெளியிட்ட இந்த மென்பொருள், மூலநிரல் திறந்திருக்கும் ஜிபிஎல் உரிமத்தின் கீழ், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களின் பங்களிப்போடு இன்றுவரை வளர்ந்து வந்திருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். பதிவுக்கு நேர வரம்பு கிடையாது, படத்தின் மீது நிறுவனத்தின் பெயர் பொறிக்கப்படுவதில்லை, பாதி வசதிகளைப் பூட்டிவைத்துவிட்டுப் பணம் கேட்பதும் இல்லை. பண்டிகாம் என்ற பதிவு மென்பொருளின் இலவசப் பதிப்பு 10 நிமிடத்தோடு பதிவை நிறுத்திவிடும் என்பதையும், படத்தின் மேல் தன் பெயரைப் போட்டுவிடும் என்பதையும் அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். விண்டோஸோடு வரும் கேம் பார் இன்னும் எளிது. இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினாலே பதிவு தொடங்கிவிடும். ஒரு பந்தயத்தின் கடைசி நொடிகளை நண்பர்களுக்குக் காட்ட அது போதும். அரை மணி நேரம் தொடர்ந்து பேசி, பிறகு உட்கார்ந்து வெட்டி ஒட்டி ஒரு காணொளியாக ஆக்க நினைப்பவருக்கு அது போதாது.

கைமாறி வந்த பழைய மடிக்கணினிகளை வைத்திருப்போர் நிறுவுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2022இல் வந்த 28ஆம் பதிப்பில் இருந்து விண்டோஸ் 7, 8 ஆகியவற்றுக்கு ஆதரவு இல்லை. அவற்றில் ஓடக்கூடிய கடைசிப் பதிப்பு 27.2.4 ஆகும். அதை ஓபிஎஸ் குழுவினர், மூலநிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் உள்ள தம் பக்கத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள். தரவிறக்கத்துக்கு அவர்களுடைய சொந்தத் தளத்தையோ அந்தப் பக்கத்தையோ தவிர வேறு எங்கும் போகத் தேவையில்லை. தேடுபொறியில் விளம்பரமாக மேலே வரும் போலித் தளங்களில் இருந்து இறக்கி, கடவுச்சொற்களைப் பறிகொடுக்க வேண்டாம்.

முதன்முறை திறக்கும்போது, நேரலைக்கா பதிவுக்கா என்று கேட்டு, கணினியின் வலிமையைப் பார்த்து அமைப்புகளைத் தானே பரிந்துரைக்கும் உதவியாளர் ஒன்று வருகிறது. அதற்குப் பின் திரையில் தெரிவது ஒரு கறுப்புப் பெட்டியும், அதற்குக் கீழே வரிசையாகச் சில வெற்றுக் கட்டங்களும் மட்டுமே. பலரும் மனம் தளரும் இடம் இதுதான். ‘காட்சி’ என்ற ஒன்றுக்குள் ‘மூலங்கள்’ பலவற்றை அடுக்கி வைக்கும் முறையில் ஓபிஎஸ் இயங்குகிறது: விளையாட்டுத் திரை ஒரு மூலம், வெப்கேமரா இன்னொன்று, ஒலிவாங்கி மற்றொன்று, மூலையில் காட்டும் பெயர்ப்படம் இன்னொன்று. அடுக்கில் மேலே இருப்பது படத்திலும் மேலே தெரியும். இதை ஒருவர் அருகிலிருந்து சொல்லிக்கொடுத்தால் ஒரு மாலைப்பொழுதில் பிடிபட்டுவிடும். தனியாகத் தட்டித் தடவிக் கற்பவருக்கு மேலும் சில நாட்கள் பிடிக்கும். மென்பொருளை உருவாக்கியவர்கள் இந்த முதல் திரையைப் புதியவருக்கு இன்னும் இணக்கமாக அமைத்திருக்கலாம் என்பது என் முதல் குறை.

விளையாட்டைப் பிடிக்க மூன்று வழிகள் உள்ளன. கேம் கேப்ச்சர் விளையாட்டு வரையும் படத்தை நேரடியாக எடுக்கிறது. விண்டோ கேப்ச்சர் ஒரு சாளரத்தை எடுக்கிறது. டிஸ்பிளே கேப்ச்சர் முழுத் திரையையும் எடுக்கிறது. முதலாவதே சிறந்தது, ஏனெனில் அதில் கணினிக்குச் சுமை குறைவு, நடுவில் வாட்ஸ்அப் அறிவிப்பு எட்டிப் பார்த்தாலும் அது பதிவில் வராது. ஆனால் இன்டெல் கிராபிக்ஸோடு என்விடியா அட்டையும் சேர்ந்திருக்கும் மடிக்கணினிகளில் கேம் கேப்ச்சர் பல வேளைகளில் வெறும் கறுப்புத் திரையைத் தரும். பலரும் மென்பொருள் பழுதென்று நினைத்து அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். அதனால் எந்தப் பயனும் இல்லை. விளையாட்டு ஓர் அட்டையிலும் ஓபிஎஸ் மற்றோர் அட்டையிலும் இயங்குவதால், ஒன்றின் நினைவகத்தில் உள்ள படம் மற்றதற்கு எட்டுவதில்லை. விண்டோஸ் அமைப்புகளில் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய், விளையாட்டு எந்த அட்டையில் ஓடுகிறதோ அதையே ஓபிஎஸ்ஸுக்கும் தெரிவுசெய்து, ஓபிஎஸ்ஸை மூடித் திறந்தால் படம் வந்துவிடும். முழுத் திரையையும் பிடிக்க வேண்டுமானால் இதற்கு நேர்மாறு: ஓபிஎஸ், திரையை இயக்கும் இன்டெல் பக்கமே இருக்க வேண்டும்.

இனி ஒலிக்கு வருவோம். இந்த மென்பொருளை நான் மற்றவற்றுக்கு மேலே வைப்பதற்கான காரணம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

ஓபிஎஸ் ஒரே பதிவுக்குள் ஆறு ஒலித் தடங்கள் வரை தனித்தனியே எழுதும். வெளியீட்டு அமைப்பை எளிய முறையில் இருந்து ‘அட்வான்ஸ்ட்’ முறைக்கு மாற்றி, பதிவுப் பகுதியில் வேண்டிய தடங்களின் எண்களுக்கு நேரே சரியடையாளம் இட வேண்டும். பிறகு ஒலிக் கலவைப் பெட்டியின் கூடுதல் அமைப்புகளைத் திறந்தால், ஒவ்வொரு மூலத்துக்கும் எதிரே ஒன்று முதல் ஆறு வரை சிறு கட்டங்கள் தெரியும். நான் வைத்திருக்கும் ஒழுங்கு இது: முதல் தடத்தில் எல்லாம் கலந்த ஒலி, இரண்டாவதில் விளையாட்டின் ஒலி மட்டும், மூன்றாவதில் வடிகட்டிய (இரைச்சல் நீக்கிய) குரல் மட்டும், நான்காவதில் வடிகட்டாத குரல். முதல் தடத்தில் எல்லாவற்றையும் கலந்து வைப்பதற்குக் காரணம் உண்டு. யூடியூப்பும் காணொளி ஓட்டும் சாதாரண மென்பொருள்களும் முதல் தடத்தையே எடுத்துக்கொள்வதால், அவசரத்துக்கு வெட்டாமல் கொள்ளாமல் அப்படியே ஏற்றினாலும் காணொளி ஊமையாகப் போகாது. மற்றத் தடங்கள் பதிவுக்குப் பிந்திய வேலைக்காக. துப்பாக்கிச் சத்தத்தில் வர்ணனை அமுங்கிப்போன இடத்தில் விளையாட்டின் தடத்தை மட்டும் தணிக்கலாம். நான் இருமிய இடத்தில் குரலை மட்டும் வெட்டலாம். எல்லாம் ஒரே தடத்தில் கலந்துவிட்டால் இவற்றில் ஒன்றையும் செய்ய முடியாது.

நான்காவது தடம் எதற்கு என்று கேட்பவர்கள் தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் ஒருமுறை ஹட்டன் பக்கம் வந்து பதிவுசெய்து பார்க்க வேண்டும். மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவுகளில் பெய்யும் மழை, தகரக் கூரையின் கீழ் இருப்பவருக்கு எந்த நிமிடமும் ஒரே சீராக இருப்பதில்லை. தூறலாகத் தொடங்கும், சட்டென்று கொட்டும், மறுபடி ஓயும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தவர்களுக்கு இதே தொல்லை ஆண்டின் கடைசி மாதங்களில் வந்து சேரும். ஓபிஎஸ்ஸில் ஒலிவாங்கிக்கான வடிகட்டிகளில் இரைச்சலை நீக்கும் ஒன்று இருக்கிறது. அதில் ஸ்பீக்ஸ் என்ற பழைய முறையும், 2020இல் 26ஆம் பதிப்போடு சேர்ந்த ஆர்என்நாய்ஸ் என்ற முறையும் உள்ளன. பின்னது, மனிதப் பேச்சு எது, இரைச்சல் எது என்று பிரித்தறியப் பயிற்றப்பட்ட நரம்பியல் வலையமைப்பின் துணையோடு இயங்குவது. சிறுமழையையும், மடிக்கணினி விசிறியின் இரைச்சலையும், தூரத்தில் போகும் லொறியின் உறுமலையும் அது வியக்கத்தக்க விதத்தில் துடைத்துவிடுகிறது. கனமழையில் நிலைமை வேறு. மழைச் சத்தம் குரலின் அளவுக்கு உயர்ந்துவிட்டால், எதை விடுவது எதை வைப்பது என்று தடுமாறி, பேசுபவர் தண்ணீருக்குள் இருந்து பேசுவதுபோல் ஆக்கிவிடுகிறது. வாக்கியத்தின் முடிவில் குரலைத் தணித்துச் சொல்லும் சொற்கள் முதலில் மறைகின்றன. வினைச்சொல் கடைசியில் வரும் தமிழ் வாக்கியத்தில் அது மறைந்தால், கேட்பவருக்கு என்ன நடந்ததென்றே விளங்காது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஓபிஎஸ்ஸில் இடும் வடிகட்டி பதிவாவதற்கு முன்பே வேலை செய்கிறது. அது ஒருமுறை விழுங்கிய சொல்லைப் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ஆகவே அதே ஒலிவாங்கியை வேறு பெயரில் இரண்டாவது முறையும் மூலமாகச் சேர்த்து, அதற்கு எந்த வடிகட்டியும் இடாமல், நான்காவது தடத்துக்கு மட்டும் அனுப்பிவைக்க வேண்டும். முதல் தடத்தின் கட்டத்தில் அதற்கு அடையாளம் இருக்கக் கூடாது. இருந்தால் குரல் இரட்டையாகக் கேட்கும். மழை வலுத்த பகுதிக்கு வடிகட்டாத குரலை எடுத்து, ஓடாசிட்டி போன்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் மென்மையாகத் துடைத்துக்கொள்ளலாம். மற்ற இடங்களுக்கு வடிகட்டிய குரலே போதும். கூடுதல் தடம் ஒன்றுக்காகக் கோப்பு பெருப்பது மிகச் சொற்பம்.

நொய்ஸ் கேட் என்ற இன்னொரு வடிகட்டியையும் பலர் மழைக்குப் பரிந்துரைக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. குரல் ஓர் அளவுக்கு மேல் எழும்போது கதவைத் திறப்பதும், தாழும்போது மூடுவதுமே அதன் வேலை. பேசாத வேளையில் அறை அமைதியாக இருக்கும், பேசத் தொடங்கியதும் குரலோடு மழையும் உள்ளே வந்துவிடும். தொடர்ந்து கேட்கும் மழையைவிட, விட்டுவிட்டு வரும் மழை காதுக்கு இன்னும் எரிச்சல். விசைப்பலகையின் தட்டல் ஒலிக்கும் பக்கத்து அறை முணுமுணுப்புக்கும் அது பயன்படும், அவ்வளவே.

எந்த வடிகட்டியையும்விட மலிவான தீர்வு, ஒலிவாங்கியை வாய்க்கு நான்கு விரல் தூரத்துக்குக் கொண்டுவருவதுதான். மேசையின் அந்தப்புறத்தில் அழகுக்கு நிறுத்திவைத்த விலையுயர்ந்த கண்டென்சர் ஒலிவாங்கி கூரை மழையை உற்சாகமாக வாங்கிக்கொள்ளும். வாயருகே பிடித்த சாதாரண ஹெட்செட் ஒலிவாங்கியோ குரலை மழைக்கு மேலே நிறுத்தும். மூச்சுக்காற்று நேரே அடிக்காதபடி சற்றுப் பக்கவாட்டில் வைத்து, ஓபிஎஸ்ஸின் ஒலிமானியில் பேச்சு மஞ்சள் பட்டைக்குள், அதாவது கழித்தல் 20 டெசிபலுக்கும் கழித்தல் 9 டெசிபலுக்கும் இடையில் நிற்கும்படியும், கத்தும்போது மட்டும் சிவப்பைத் தொடும்படியும் அளவைச் சரிசெய்ய வேண்டும். விளையாட்டில் வெற்றி பெறும்போது கத்தாத வர்ணனையாளர் இல்லை என்பதால், வடிகட்டி வரிசையின் கடைசியில், ஒலி ஓர் உச்சத்தைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் ஒன்றை வைத்துவிடுவது நல்லது. சிறு துளையில் செருகும் மலிவான ஒலிவாங்கிகள் சிலவற்றில் குரல் இடது காதில் மட்டும் கேட்கும். கூடுதல் ஒலி அமைப்புகளில் ‘மோனோ’ என்ற கட்டத்தில் அடையாளமிட்டால் இரண்டு காதுக்கும் வந்துவிடும். இதைத் தெரியாமல் ஒற்றைக் காது வர்ணனைகளை ஏற்றிக்கொண்டிருப்பவர்கள் எத்தனையோ பேர்.

நண்பர்களோடு டிஸ்கோர்டில் பேசிக்கொண்டே விளையாடுவோருக்கு 28ஆம் பதிப்பில் அறிமுகமான வசதி ஒன்று பெரிதும் உதவும். விண்டோஸில் ஒரு செயலியின் ஒலியை மட்டும் தனியே பிடிக்கலாம் என்பதால், கொட்டகலையில் இருக்கும் நண்பரின் குரலை ஐந்தாவது தடத்தில் போட்டுக்கொள்ள முடிகிறது. அவர் வீட்டில் தாயார் கூப்பிடும் சத்தமும் சேர்ந்து வந்தால் அந்த இடத்தை மட்டும் அணைத்துவிடலாம். அவர் பேசுவது உலகத்துக்குக் கேட்கப்போகிறது என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை.

மின்சாரத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2022ஆம் ஆண்டு நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலம் போய்விட்டாலும், காற்று மழையில் மரம் சாய்ந்து கம்பி அறுவது மலைநாட்டில் புதிதல்ல. மேசைக்கணினியில் பதிவுசெய்பவருக்கு நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும்? சாதாரண எம்பி4 கோப்பு, படமும் ஒலியும் எங்கெங்கே இருக்கின்றன என்ற அட்டவணையைப் பதிவு முடியும்போதுதான் எழுதும். அது எழுதப்படாமல் நின்றுவிட்டால் இரண்டு மணி நேர விளையாட்டும் திறக்க முடியாத கோப்பாகிவிடும். எம்கேவி வகையில் அந்தச் சிக்கல் இல்லை. கணினியின் செருகியைப் பிடுங்கிப் பார்த்தேன். கடைசிச் சில நொடிகளைத் தவிர மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. எம்கேவியை ஏற்காத தொகுப்பு மென்பொருள்களுக்காக, ஓபிஎஸ்ஸின் கோப்புப் பட்டியலில் உள்ள ரீமக்ஸ் கட்டளை, படத்தை மறுபடி குறியாக்கம் செய்யாமல் (சுருக்கி எழுதாமல்) கோப்பின் உறையை மட்டும் மாற்றி எம்பி4 ஆக்கித் தருகிறது. மணிக்கணக்கான பதிவுக்கும் அது விரைவில் முடிந்துவிடும். 2024இல் வந்த 30.2ஆம் பதிப்பில் இரண்டின் நன்மையையும் சேர்த்த ஹைபிரிட் எம்பி4 என்ற வகையும் வந்துவிட்டது. பழைய பதிப்புகளை வைத்திருப்போர் எம்கேவியை விட்டு விலக வேண்டாம்.

படத்தைப் பொறுத்தவரை ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. யூடியூப்பின் சொந்தப் பரிந்துரைப்படி, 1080பி தரத்தில் நொடிக்கு 60 சட்டகம் கொண்ட காணொளிக்கு நொடிக்கு 12 மெகாபிட்டும், 720பி தரத்தில் நொடிக்கு 30 சட்டகம் என்றால் 5 மெகாபிட்டும் வேண்டும். 20 நிமிடக் காணொளி ஒன்றுக்கு இதைக் கணக்கிட்டால் முன்னது 1.8 ஜிபி, பின்னது 750 எம்பி. நமக்கு ஏறும் வேகம் நொடிக்கு 3 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், முதலாவது ஏற 80 நிமிடமும் இரண்டாவது ஏற ஏறக்குறைய 33 நிமிடமும் ஆகும். டேட்டாவுக்கு ரீலோட் போட்டு ஏற்றுபவர் இதை மனத்தில் வைத்தே தரத்தைத் தெரிவுசெய்வார். கைத்தொலைபேசியின் சிறிய திரையில் பார்ப்பவர்களே நம் இரசிகர்களில் அதிகம் என்றால், 720பியில் தெளிவான குரலோடு வரும் காணொளி அவர்களுக்குத் தாராளம். விளையாட்டில் எழுத்துகள் மிகச் சிறியதாக இருந்தால் மட்டும் 1080பிக்குப் போகலாம். 15 நிமிடத்துக்கு மேற்பட்ட காணொளியை ஏற்ற, யூடியூப் கணக்கைத் தொலைபேசி எண் மூலம் உறுதிப்படுத்தியிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பழைய கணினியில் விளையாட்டும் பதிவும் ஒன்றாக ஓடும்போது படம் தடுக்கினால், குறியாக்கும் வேலையைக் கணினியின் சிபியுவிடம் இருந்து எடுத்து, கிராபிக்ஸ் வன்பொருளிடம் ஒப்படைக்க வேண்டும். இன்டெலில் குவிக் சிங்க், என்விடியாவில் என்வென்க், ஏஎம்டியில் அதற்குரியது என்று ஓபிஎஸ் தானே பட்டியலிடும். மடிக்கணினிகளில் வரும் எம்எக்ஸ் வரிசை என்விடியா அட்டைகளில் என்வென்க் இல்லாததால், அவற்றை வைத்திருப்போர் குவிக் சிங்கையே நம்ப வேண்டும்.

இனி குறைகள். விளையாட்டுக் காணொளி செய்ய ஆசைப்படும் நம் பிள்ளைகளில் பலரிடம் இருப்பது கைத்தொலைபேசி மட்டுமே; ஓபிஎஸ் தொலைபேசியில் இயங்காது. ஆண்ட்ராய்டுத் தொலைபேசிகளில் உள்ள திரைப்பதிவு வசதி ஃப்ரீ ஃபயர், பப்ஜி மொபைல் போன்றவற்றைப் பிடித்துவிடும். ஆனால் குரலும் விளையாட்டொலியும் கலந்தே வரும் என்பதால் மேலே சொன்ன நன்மைகள் ஒன்றும் கிட்டாது. வீட்டில் ஒரு கணினி இருந்தால் வழி உண்டு. எஸ்சிஆர்சிபிஒய் என்ற இலவச மென்பொருள், யூஎஸ்பி கம்பி வழியாகத் தொலைபேசியின் திரையைக் கணினியில் ஒரு சாளரமாகக் காட்டுகிறது. ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் ஒலியையும் கொண்டுவருகிறது. அந்தச் சாளரத்தை ஓபிஎஸ்ஸில் பிடித்து, வர்ணனையைக் கணினியின் ஒலிவாங்கியில் பேசிக்கொள்ளலாம். தொலைபேசியின் டெவலப்பர் அமைப்புகளைத் திறந்து யூஎஸ்பி டிபக்கிங்கை இயக்க வேண்டியிருப்பதால், வேலை முடிந்ததும் அதை மறக்காமல் அணைத்துவிட வேண்டும்.

இரண்டாவது குறை, ஒலிவாங்கி அணைந்திருந்தாலோ கழன்றிருந்தாலோ ஓபிஎஸ் உரக்கச் சொல்வதில்லை. ஒலிமானியின் பட்டை அசையாமல் கிடப்பது மட்டுமே அறிகுறி. முழுத்திரையில் விளையாடிக்கொண்டிருப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. ஒவ்வொரு முறையும் சில வாக்கியங்களைப் பதிவுசெய்து கேட்டுவிட்டே விளையாட்டைத் தொடங்குவதுதான் பாதுகாப்பு. வன்தட்டில் இடம் தீர்ந்துபோவதும் இதைப் போலவே முழுத்திரையில் விளையாடுபவர் கண்ணுக்குத் தெரியாமல் வந்து காலை வாரும். மூன்றாவதாக, வெட்டி ஒட்டும் வசதி ஓபிஎஸ்ஸில் அறவே இல்லை. அதற்கு ஷாட்கட், கெடென்லைவ் போன்ற இலவச மென்பொருள்களில் ஒன்றைத் தனியே கற்றாக வேண்டும். பல ஒலித் தடங்களைச் சரியாகப் பிரித்து எடுப்பதில் கெடென்லைவ் எனக்கு வசதியாக இருந்தது.

கடைசியாக, பாடல்களின் உரிமைச் சிக்கல். காரோட்டும் விளையாட்டுகள் சிலவற்றின் வானொலியில் ஒலிக்கும் உண்மையான பாடல்கள், யூடியூப்பின் தானியங்கிச் சோதனையில் பிடிபட்டால் வருமானம் பாடல் உரிமையாளருக்குப் போகலாம், அல்லது காணொளி சில நாடுகளில் தடைப்படலாம். விளையாட்டின் அமைப்புகளிலேயே இசையை அணைத்துவிடுவது முதல் வேலை. அணைக்கத் தவறிய பகுதிக்கு, இரண்டாவது தடத்தை மட்டும் ஊமையாக்கி, வர்ணனையைத் தொடர்ந்து ஓடவிடலாம். கோயில் ஒலிபெருக்கியில் இருந்து ஒலிவாங்கிக்குள் நுழைந்த சினிமாப் பாட்டுக்கு அந்த மருந்து பலிக்காது, ஏனெனில் அது குரலோடு ஒரே தடத்தில் கலந்துவிட்டது. ஆர்என்நாய்ஸும் பாட்டை அரைகுறையாகவே விழுங்குகிறது. பாடகரின் குரலும் மனிதக் குரல்தானே. திருவிழா நாட்களில் பேசாமல் விளையாட்டை மட்டும் பதிவுசெய்து வைத்துக்கொண்டு, ஒலிபெருக்கி ஓய்ந்த ஒரு காலையில் அந்தப் படத்தைப் பார்த்தபடி வர்ணனையைத் தனியே பேசிச் சேர்ப்பதையே நான் செய்கிறேன். அப்படிச் சேர்க்கும் குரலில் ஆட்டத்தின் பதற்றம் சற்றுக் குறைவாக இருக்கும்.